பாடு

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, மீன் ஏலக் கொட்டகையில்
வெள்ளை வேட்டி கட்டிப் படம் காட்டினோம்.
ஏரி வந்ததும் பின்வரிசையில் விசில்.

வானத்திலிருந்து எடுத்த காட்சி:
தைத்த வாய்போல
மணல் அடைத்துக் கிடக்கும் முகத்துவாரம்.
அதன்மேல் என் குரல்,
கடல்மட்டம், உவர்ப்பு, வெப்பம், விழுக்காடு.
யாரோ தெலுங்கில் கொட்டாவி விட்டார்கள்.

அடுத்தது எத்திராசு வலை வீசுவது.
பொன்வெயில். நாலு தடவை எடுத்தோம்.
விசில் நின்றுபோனது.

"அன்னிக்கு நம்ம பாடு இல்லியே,"
இருட்டுக்குள்ளிருந்து கோட்டம்மா.
"அடுத்த ஊர் பாட்டுல எப்படிடா வலை போட்ட?"

மீன் பிடிக்கலைங்க, வெளிச்சத்துக்காக
நான்தான் கேட்டேன் என்றேன்.
வலை வலைதான் என்றார்கள்.
எத்திராசு எழுந்துபோய் அபராதம் கட்டினார், ஐந்நூறு.
நான் நீட்டிய நோட்டை ஊர் தொடவில்லை.

ரசீது கிழிக்கும்போது கோட்டம்மா மறுபடி:
"சரி, ஏரி வாயை அடைச்சவங்கிட்ட
எவ்வளவு வாங்கறது?"

இரவு, விடுதியறையில் கணினி.
பாடு என்கிற சொல்லுக்குக் கீழே
மீன்பிடி இடம் என்று எழுதி வைத்திருந்தேன்.
அழித்தேன்.
முறை. பங்கு.
இன்றைக்கு உனக்கு, நாளைக்கு அவனுக்கு,
ஏரிக்கும் ஒரு நாள்.
இரண்டு நொடிக்குள் அது அடங்கவில்லை.
பட்டபாடு என்பதும் இதே சொல்தானே,
அதை எங்கே வைக்க?

பொன்வெயிலை வெட்டிவிட்டேன்.
அந்த இடத்தில் கறுப்புத் திரை,
யாரோ அலைபேசியில் பிடித்த
கோட்டம்மாவின் கடைசிக் கேள்வி.
ஒலி சுத்தமில்லை.
பின்னால் ஒரு குழந்தை இருமுகிறது.