பணியாளர் ஒப்புதல் தேவை

பல்லடம் ரோட்டில் எங்கள் கடைக்குத்
தை பிறந்து இரண்டாம் வாரம் நான்கு மெஷின் வந்தது.
என் பில்லிங் கவுண்டரைக் கழற்றிய இடத்தில்
தரையில் இன்னும் நாலு ஓட்டை.
ஸ்டூலையும் எடுத்துப் போய்விட்டார்கள்.
"இனி ஒரே இடத்துல உக்காந்திருக்க வேண்டாம், கோகிலவாணி"
என்றார் பிரதீப் சார்,
நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

இப்போது நிற்கிறேன்.
கழுத்தில் ஓர் அட்டை.
அதைக் காட்டினால் மெஷின் மனசு மாறும்.

சனிக்கிழமை ராத்திரி சம்பளம் போட்ட கையோடு
பனியன் கம்பெனி மொத்தமும் இங்கேதான்.
ஓவர்லாக், செக்கிங், அயர்ன்,
தலைமுடியில் பஞ்சுத் தூசு அப்படியே.
டையிங் ஆளின் நகத்தைப் பார்த்தால் போதும்,
இந்த வாரம் என்ன கலர் ஓடுகிறதென்று சொல்லிவிடுவேன்.

மெஷின் பேசும் தமிழில் 'ங்க' கிடையாது.
"பொருளைத் தட்டில் வைக்கவும்."
அவிநாசிக்காரர் ஒருவர் அதனிடம் சொல்கிறார்:
"வெக்கறனுங்க, சித்த இருங்க."
அது இருக்கவில்லை.
"பொருளைத் தட்டில் வைக்கவும்."
"அதத்தானுங்க வெக்கறன்."

காய் வாங்கினால் கருவேப்பிலை சும்மா.
கொசுறுக்குப் பார்கோடு கிடையாது.
பத்து கிராம் இலை தட்டில் விழுந்ததும்
மெஷின் நின்றுவிடும்,
கம்பத்தில் விளக்கு சிவக்கும்,
திருடனைப் பிடித்துவிட்ட மாதிரி.
நான் போய் அட்டையைக் காட்டுவேன்.
முதல் வாரம் மட்டும் இருநூற்றுப் பதினாறு தடவை.
எண்ணியது நானில்லை, அதுவும் மெஷின்தான்.
ஏன் இத்தனை இன்டர்வென்ஷன் என்று
கோயமுத்தூர் ஆபீஸிலிருந்து மெயில்.
பிரதீப் சார் பதில் எழுதினார்: கருவேப்பிலை.
பொருளின் விலை என்ன என்று கேட்டார்கள்.
விலை இல்லை என்று எழுதினார்.
அதற்குப் பிறகு மெயில் வரவில்லை.

மெஷினைக் குறை சொல்லவும் முடியாது.
நாப்கினைப் பேப்பரில் சுற்றித் தரச் சொன்னவர்கள்
இப்போது என்னைத் தேடுவதில்லை.
காண்டம் பெட்டியை இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே
ஒளித்து நீட்டிய பையன்கள்
நேராக வந்து அடித்துக்கொண்டு போகிறார்கள்.
பிஸ்கட் விற்பனை கொஞ்சம் குறைந்திருக்கும்.
என் கண் அவர்களை
அத்தனை பயமுறுத்தியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. சம்பளத்துக்கு முதல் நாள்.
நாலாம் நம்பரில் ஒருத்தி.
கம்பெனி அட்டையில் ரங்கநாயகி என்றிருந்தது.
அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், சோப்புக் கட்டு,
ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்.
எழுநூற்று நாற்பத்து மூன்று.
போனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.
போனில் அறுநூற்று எண்பது.
'நீக்கு' என்பதை அழுத்தினாள்.

சேர்க்க யாரும் வேண்டியதில்லை,
நீக்கத்தான் ஆள் வேண்டும்.
விளக்கு சிவந்தது.
வரிசை முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

கவுண்டரில் இருந்தபோது
இதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது.
கை தயங்குவது தெரிந்ததும்
"அய்யோ, இந்தப் பாக்கெட் கிழிஞ்சிருக்குதுங்க, விடுங்க"
என்று நானே ஒன்றை ஒதுக்கிவிடுவேன்.
கிழிந்திருக்காது.

நேற்று நடந்துபோகிற ஆறு எட்டில் யோசித்தேன்.
கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்:
"இந்த நாலாம் நம்பருக்கு இதே பொழப்புங்க,
ஒண்ண ரெண்டு தடவ அடிச்சுப்போடுது!"
வரிசை போனுக்குள் குனிந்துகொண்டது.
சோப்புக் கட்டை எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டேன்.
அறுநூற்று எழுபத்தைந்து.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
நானும் பார்க்கவில்லை.
மெஷின் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

நீக்கியதற்குக் காரணம் கேட்டது திரை.
பொருள் சேதம், வாடிக்கையாளர் விருப்பம், இயந்திரக் கோளாறு.
மூன்றாவதைத் தொட்டேன்.

நாலாம் நம்பரில் இந்த மாதம்
பதினோரு கோளாறாம்.
திங்கட்கிழமை கோயமுத்தூரிலிருந்து
ரிப்பேருக்கு ஒருவர் வருகிறார்.
பகல் முழுக்கக் கழற்றிப் பார்ப்பார், பாவம்.
நல்ல டீயாக ஒன்று வாங்கித் தரவேண்டும்.