நாலு செக்கன்

சாக்கில் அச்சடித்திருக்கிறது: பொதுப் பாவனைக்குரியது.
என் நியமனக் கடிதத்திலும் ஏறத்தாழ அதுதான்,
பொது வேலையாள், பெண், இரண்டாம் ஷிப்ற்.

இருபத்தைந்து கிலோ. வாயைக் கீறினால்
உடைத்த கற்கண்டு மாதிரிக் கொட்டும்,
எறும்பு மட்டும் ஏமாறாது.

சீனக்குடாவில், முன்பு அரிசி ஆலையாய் இருந்த கொட்டில்.
இருநூற்றுப் பத்துப் பாகையில் மணி தேனாகும்,
தேன் அச்சுக்குள் பாயும்.
பதினைந்து செக்கனுக்கு ஒருமுறை கதவு திறந்தால்
ஒரே காம்பில் நான்கு பெட்டி,
அவ்வளவு தெளிவு, ஈ வந்து முட்டித் திரும்பும்.
காம்பை முறிக்கிறேன். டிக்.
ஷிப்ற் முடிய ஆயிரத்துத் தொள்ளாயிரம் டிக்.

ரெஜிபோம் இதற்குத் தம்பி முறை.
அவன் காற்றை விழுங்கி ஊதிப்போனவன்,
மீனோடும் ஐஸோடும் துறைமுகத்தில் திரிகிறான்.
இவன் அப்படியில்லை. வளையச் சொன்னால்
முறிந்து காட்டுவான்.

புரட்டாதியில் கிண்ணியாவிலிருந்து
தொதல் கடை நசுறுதீன் வந்தார்.
மேசையில் வைத்த பெட்டியின் மூலைகளில்
நரைமயிர் போலக் கீறல்கள்.
"நாங்க கீழ போடல்ல. ராவையில அலுமாரிக்குள்ள
தானா வெடிக்குது."
எண்ணெயில்தான் பிழை என்றார் முதலாளி.
எண்ணெய் இல்லாட்டி அது தொதல் இல்லை, களி,
என்றார் நசுறுதீன்.

ஜெசிமாவின் மச்சாள் நிலாவெளி ஹோட்டலில் அறை துடைப்பவள்.
வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன கறுப்புக் கண்ணாடி
அவள் மூலம் இவள் மூக்குக்கு வந்திருந்தது.
இரவு ஷிப்ற்றிலும் கழற்ற மாட்டாள்.
அன்று போனின் வெள்ளைத் திரைக்கு முன்னால்
சும்மா ஒரு பெட்டியைப் பிடித்தவள்
"அடியேய், இஞ்ச வா" என்றாள்.

வெறும் பெட்டிக்குள் நிறம்.
தேன் நுழைந்த வாயைச் சுற்றி ஊதா, மஞ்சள், பச்சை,
பெற்றோல் சிந்திய தண்ணீரின் வரிகள்.
மூலைகளில் அவை நெருக்கியடித்துக்கொண்டு நின்றன,
நசுறுதீனின் கீறல்கள் நின்ற அதே மூலைகளில்.
கண்ணாடியைக் கழற்றினேன். ஒன்றுமில்லை.
போட்டேன். இருந்தது.
மூன்று வருடமாக என் விரல் தொட்டு அடுக்கியது.

குளிரவிடும் நேரம் பதின்மூன்று செக்கனாய் இருந்தது.
போன வருடம் ஒன்பதாக்கினார்கள்.
பாய்ந்த கோலத்திலேயே நில் என்றால்
இழுபட்டது இழுபட்டபடியே இறுகும்.
வெளியே வந்து நேராகத்தான் நிற்கும்,
எண்ணெய் வந்து தொடும்வரை.

முதலாளி கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தார்.
"வடிவாத்தான் இருக்கு" என்றார் முதலில்.
பிறகு உடைந்த பெட்டியை அதற்குப் பக்கத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்.
கல்குலேற்றரை எடுத்தார். ஒரு ஷிப்ற்றுக்கு
ஆயிரத்து அறுநூறு பெட்டி குறையும்.
ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.
மூன்று நாள் நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.
நான்காம் நாள் மெஷின் திரையில்
ஒன்பது இருந்த இடத்தில் பதின்மூன்று.

நாலு செக்கன்.
முதல் கிழமை கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை,
மூடிய கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.
இப்போது ஜன்னலைப் பார்க்கிறேன்.
குடாவுக்குள் கோதுமைக் கப்பல்.
நாலு செக்கனில் அது நகர்வது தெரியாது.
திரும்பி, முறித்து, அடுக்கி, மறுபடி பார்த்தால்
அதே இடம் போலத்தான் இருக்கும்.
தேத்தண்ணி மணி அடிக்கும்போது
நீர்த்தாங்கியைத் தாண்டிவிட்டிருந்தது.

ஜெசிமா போனை என் பின்தலைக்குப் பிடித்துக்கொண்டு
கறுப்புக் கண்ணாடியால் என் முகத்தைப் பார்க்கிறாள்.
"ஒண்டும் தெரியல்லடி."
வடிவாப் பார் என்கிறேன்.
கதவு திறக்கிறது.