இரவல் நிழல்

ஆழமாகத் தோண்டாதே என்றாள் நாற்றுப்பண்ணைக்காரி,
அகலமாகத் தோண்டு, தாம்பாளம் மாதிரி.
கழுத்துவரை புதைத்தால் மூச்சு முட்டும்.
உடனே சாகாது.
மூன்று வருஷம் எடுத்துக்கொள்ளும்.

அதற்குள் லைல் இடுப்பளவு இறங்கியிருந்தான்.
பாதிக்கு மேல் மண்ணைத் திரும்பத் தள்ளினோம்.
அன்றைக்கு நாங்கள் சேர்ந்து செய்தது அதுதான்.

டென்னசியின் கிழக்கு மூலை, ஒட்டுகிற செம்மண்.
மதியம் ஒரு மணிக்கு மேல்
டாக்கெட் வீட்டு ஓக் மரம்
வேலி தாண்டி எங்கள் பக்கம் கை நீட்டும்.
அந்தக் கைக்குக் கீழே வைத்தோம்.
டாக்வுட், காட்டில் பெரிய மரங்களின் கக்கத்தில் வளர்கிற ஜாதி.
பெயரில்தான் நாய்;
யாரையும் துரத்தாது, நின்ற இடத்தில் வாடும்.

முதல் கோடை முழுக்க இரண்டு வாளி,
ஒன்றுவிட்டு ஒரு நாள், மெதுவாக.
வேர் ஆழம் போகாது, மேலாகவே படுத்திருக்கும்,
தூக்கம் வராத ஆள் போல.

இரண்டாம் வருஷம் லைல்
புல்வெட்டும் நைலான் கயிற்றை அடிமரத்தில் இழுத்துவிட்டான்.
பட்டை உரிந்து, உள்ளே ஈரப் பச்சை.
என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.
நான் புல்லைப் பிடுங்கி, பைன் பட்டைத்தூள் பரப்பி
தண்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடம் விட்டேன்.
மரத்துக்குத்தான்.
மூன்றாம் வருஷம் அவன் சட்டனூகா போய்விட்டான்.

காயம் தானே உதடு மடித்து மூடிக்கொண்டது.
நாலாம் வருஷ இலையுதிர்வில்
கிளை நுனிகளில் சின்ன வெங்காயம் போல மொட்டுகள்.
பதினொன்று.
குளிர் முழுக்க இறுக்கி மூடியபடி இருந்தன.

பிப்ரவரியில் பனிக்கட்டி மழை.
ஓக்கின் கிளை ஒன்று டாக்கெட்டின் கூரைமேல் இறங்கியது.
இரண்டு நாள் ரம்பச் சத்தம்.
அவர் மரம், அவர் கூரை. நான் என்ன சொல்ல?

ஏப்ரலில் பதினொன்றும் விரிந்தன.
வெள்ளையாய் நான்கு இருக்கிறதே, அவை இதழ் இல்லை,
இலைகள்தான், வேஷம் கட்டியவை.
பூ நடுவில், கடுகளவு கடுகளவாய்,
யாரும் பார்க்க வேண்டாம் என்பது போல.
பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடியும் பார்த்தேன்.

ஜூலையில் இலை ஓரங்கள் பொரிந்தன.
வானம் அத்தனை பெரிதாக அங்கே இருந்ததே இல்லை.
இரட்டைக் கட்டில் விரிப்பை எடுத்து
(அதற்கு இப்போது வேறு வேலை இல்லை)
மேற்கே இரண்டு கம்பு நட்டுக் கட்டினேன்.
காற்று வந்து கம்போடு சாய்த்தது.
மறுபடி கட்டினேன், மறுபடி சாய்த்தது.

வேலிக்கு அப்பால் நின்று ரூஃபஸ் டாக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எத்தனை மணிக்கு வெயில் ஏறும்?"
"ஒரு மணி."
"எத்தனை நாளைக்கு?"
"செப்டம்பர் கடைசிவரை."
தலையைச் சொறிந்தார்.
"ஓக் நட்டால் நாற்பது வருஷம். எனக்கு எழுபத்தொன்று."
சிரித்தது யார் முதலில், தெரியாது.

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு
அவருடைய கேம்பர் வேன் உறுமிக்கொண்டு பின்னால் வந்து
வேலியை ஒட்டி நின்றது.
ஃப்ளோரிடா போவதற்கென்று வாங்கிய பழுப்பு நிற வண்டி,
ஒரு மாடு போல அசையாமல்,
இலைமேல் தன் நிழலைப் போட்டபடி.
அன்றுமுதல் தினமும்.
மாலையில் எடுத்துவிடுவார், காற்றுப் போகட்டும் என்று.
ஓக்கைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆகஸ்டில் கொத்தாய் சிவப்புக் காய்கள்.
ஒன்றைக் கடித்துத் துப்பினேன், அப்படி ஒரு கசப்பு.
பறவைகளுக்கு அது தெரியாதோ, தெரிந்தும் தின்றனவோ.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்,
அவருக்குக் கண் மருத்துவமனை.
என் கால்மிதியடிக்குக் கீழே சாவி.
சீட்டு இல்லை, சொல் இல்லை.

காலையில் நாற்பத்திரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்தவள் நான்,
பஸ் ஓட்டுகிறவளுக்கு இது பொம்மை வண்டி.
ஆனாலும் கை வியர்த்தது.
ரிவர்ஸில் போட்டு,
கண்ணாடியில் மரத்தை வைத்துக்கொண்டு
அடியடியாக,
இன்னும் கொஞ்சம்,
இன்னும் ஒரு சாண்,
நிழல் உச்சிக் கிளைவரை ஏறும்வரை.