பத்தரை மணிக்கு யெர்கோ

வடிவமைப்பாளர் பதினொரு கேள்விகள் அனுப்பியிருக்கிறார்.
பதில் எழுதிக்கொண்டு வந்தால் நல்லதாம்,
கட்டாயமில்லையாம்.
கட்டாயமில்லை என்பவர்களிடம்தான்
எனக்குப் பயம்.

முதல் கேள்வி:
உங்கள் தொழிலை மூன்று சொற்களில் சொல்லுங்கள்.
துவைக்கிறோம். உலர்த்துகிறோம். மடிக்கிறோம்.
ஒரியேத்தா சிரிக்கிறாள்:
"அது நாம் இல்லை நேலிதா,
அது மெஷின்."

போட்டியாளர்கள் யார்?
துறைமுகச் சாலையில் ஒரு சலவைக்கடை,
பலகையில் ஐந்து நீலக் குமிழிகள்.
கல்லறைக்கு எதிரே இன்னொன்று,
ஏழு குமிழிகள்.
குமிழி வேண்டாம் என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
நீலமும் வேண்டாம்.
வெள்ளையைப் பற்றித்தான் குழப்பம்.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்ப
இங்கே யார் இருக்கிறார்கள்?
ஜூலையில் புந்தா அரேனாஸ் முழுக்க வெள்ளை,
அதை யாரும் துவைக்கவில்லை.

உங்கள் நிறுவனம் ஒரு விலங்கானால்?
பென்குவின் என்றாள் ஒரியேத்தா.
இந்த ஊரில் பென்குவின் இல்லாத பலகை
ஒன்றே ஒன்றுதான் இருந்தது,
அதுவும் போன மாதக் காற்றில் விழுந்துவிட்டது.
இடத்தைக் காலியாக விட்டேன்.

ஆறாவது கேள்வியில்தான் இரவு போயிற்று:
பார்க்கப் பிடித்த எழுத்துகள், பொருள்கள்
எதுவானாலும் கொஞ்சம் எடுத்து வாருங்கள்.
அலமாரியைக் கவிழ்த்தேன்.
மத்தி மீன் டப்பா, ஈஸ்ட் பொட்டலம், தீப்பெட்டி,
பழைய படகுச் சீட்டு
(அதில் ஏழு மட்டும் அழகு).
மேசையில் பரப்பிப் பார்த்தால்
வேண்டாமென்று திருடன் விட்டுப்போனவை மாதிரி
கிடந்தன எல்லாம்.

பதினொரு மணிக்குக் கடையைத் திறந்து
பின்னறை விளக்கைப் போட்டேன்.
யாரும் கேட்டு வராத துணிகளின் தட்டு.
அடியில் ஓர் ஆரஞ்சு நிற வேலையுடை,
எண்ணெய்க் கிணற்று ஆள் ஒருவருடையது,
பதினான்கு மாதமாகக் கிடக்கிறது.
அவர் தந்த எண்ணுக்கு மூன்று முறை அழைத்தோம்.
இப்போது அது ஒரு ரொட்டிக்கடையின் எண்.

கழுத்துப் பட்டையின் உட்புறம்
கறுப்பு மையில்: மான்சியா.
முதலெழுத்து கால்களை அகட்டி நிற்கிறது.
நடுவே இரண்டு நெட்டைக் கோடுகள்,
காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்கும்
இரண்டு பேரைப் போலச் சாய்ந்து.
எத்தனை வெந்நீர் கண்டதோ,
ஒரு முனைகூட மங்கவில்லை.
எழுதியது மனைவியோ, தங்கையோ, அவரேதானோ.
பள்ளியில் கையெழுத்துக்கு
மதிப்பெண் வாங்காதவர் என்பது மட்டும் உறுதி.
டப்பாவையும் தீப்பெட்டியையும் திருப்பி வைத்தேன்.
சீட்டை மட்டும் விட மனமில்லை.

ஒன்பதாவது:
பலகையைப் பார்ப்பவர் மனதில் என்ன தோன்ற வேண்டும்?
கொடுத்தது திரும்பி வரும்,
என்று எழுதிக் காட்டினேன்.
ஒரியேத்தா வாசித்தாள்.
மடித்து வைத்த ஆரஞ்சைப் பார்த்தாள்.
"நாம் கொடுப்போம் என்று எழுது" என்றாள்.
"வருவது அவர்கள் கையில்."

பதினொன்றாவது, செலவுத் தொகை.
முதலில் நாம் வாயைத் திறக்கக் கூடாதாம்,
அவளுடைய மைத்துனன் சொன்னான்.
கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன்:
நான்கு லட்சம் பெசோ. அதற்கு மேல் கையைக் கடிக்கும்.
வாய் நான்கு என்கிறது,
முகம் ஐந்து என்று காட்டிக்கொடுக்கிறது.

காலையில் ரவிக்கையை இரண்டு முறை இஸ்திரி போட்டேன்.
சலவைக்காரி கசங்கிப் போகலாமா?
தெருமுனை திரும்பியதும்
காற்று அதற்குப் பதில் சொல்லிவிட்டது.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள
நகராட்சி கட்டியிருக்கும் கயிறு,
அதை ஒரு கையால் பற்றி,
மறுகையால் பையை நெஞ்சோடு அணைத்து,
இரண்டாவது கேள்வி எது என்று நினைவைக் கிளறியபோதுதான்
உறைத்தது.

கடைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.