ஐந்தும் ஆறும்

கொம்பனித்தெருவில், ரயில் பாதைக்கும் பேரை வாவிக்கும் நடுவே
இப்போது யாருடைய ஞாயிறும் இல்லாத ஒரு தேவாலயம்.
அளந்து, பெறுமதி எழுதித் தரும்படி
ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்பினார்கள் என்னை.

சாவி துவான் ஜல்தீனிடம்.
திறந்ததும் செருப்பைக் கழற்றினார்.
'நீங்க இஸ்லாம்தானே?' என்றேன்.
'புனிதத்த எடுத்திட்டாங்க மிஸ்.
பிஷப் வந்து கடதாசி வாசிச்சாரு, பதினொரு நிமிசம்,
நான் மணி பார்த்தேன்.
ஆனா என்ட காலுக்கு யாரும் சொல்லல்ல.'

லேசரின் சிவப்புப் புள்ளி
கூடம் நெடுகப் பாய்ந்து கீழைச் சுவரில் குந்தியது:
இருபத்தாறு மீற்றர் நாற்பது.
கபொக்கல் சுவர்.
சுண்ணாம்புப் பூச்சு தோள்மட்டம் வரை
உப்புப் பூத்து உதிர்கிறது.
வாவியை நிரவி எடுத்த நிலம்;
கட்டிய நாளிலிருந்தே தண்ணீர்
தன் பழைய இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தூண்கள் எட்டு. வார்ப்பிரும்பு.
அடியில் வார்த்தவனின் ஊர்: கிளாஸ்கோ.
தட்டினால் வெறுங்குடம்.
ஜன்னல்கள் கூர்வளைவு,
பனிநாட்டின் மங்கல் வெளிச்சத்தைக்
கெஞ்சி உள்ளே அழைக்கும் உயரம்.
இங்கே வெயில் தாங்காமல்
பாதிக்குமேல் மரத்தட்டி அடித்திருக்கிறார்கள்.
வரைந்தவனுக்கும் வியர்த்தவனுக்கும் நடந்த வாக்குவாதம்
பன்னிரண்டு ஜன்னல்களிலும்
முடியாமல் நிற்கிறது.

மேற்கே பளிங்கு: வரைந்தவரின் பெயர்,
ஆளுநர் வந்த திகதி, 1871.
அதன்கீழே சின்னப் பளிங்கு:
எடித், வயது நான்கு, வாந்திபேதி.

காலையில் ஆங்கில ஆராதனை.
மாலை நாலரைக்குத் தமிழ்:
துறைமுகத்துக்காரர், சமையற்காரர், ஆயாமார்,
எல்லாரும் வடக்குப் பக்கக் கதவால்.
பெருங்கதவின் படி இன்னும் தட்டையாக இருக்கிறது.
வடக்குப் படி நடுவில் குழிந்திருக்கிறது.
குனிந்து அளந்தேன்:
மூன்று சென்ரிமீற்றர்.

பிறகு துணிச்சுருள் அடுக்கிய களஞ்சியம்.
பிறகு ஒரு தேர்தலுக்கு வாக்குப்பெட்டிகள்.
பிறகு புறா.
பாட்டு எண் பலகையில் கடைசி ஞாயிறு மாட்டியபடி:
212, 47,
மூன்றாவது பாட்டின் எண் விழுந்துவிட்டது.

கூடத்தின் நடுவே தனியாக ஒரு நீல வாளி.
'அந்த இடத்தில மட்டும்தான் ஒழுகும் மிஸ்.
நாலு தரம் ஓடு மாத்தியாச்சு.'

ஏணி வைத்து ஏறினேன்.
பர்மாத் தேக்கு, இரும்பாணி இல்லை, எல்லாம் மரமுளை.
டோர்ச் அடித்தேன்.
மரம் மரத்தோடு சேரும் மூட்டுகளில் கீறல்.
பூச்சி அரித்தது என்று நினைத்தேன்.
இலக்கம்.
௧ இருக்கும் காலுக்கு ௧ இருக்கும் கை,
௨-க்கு ௨.
நிலத்தில் பொருத்திப் பார்த்துக் கழற்றி
மேலே ஏற்றும்போது மாறாதிருக்க
உளியால் போட்ட தமிழ் இலக்கம்.
எனக்கோ மூன்றுக்குமேல் தெரியாது.
ஏணியில் நின்றபடியே போனில் தேடினேன்.

ஐந்தாம் சட்டத்தில் நின்றுவிட்டேன்.
௫-இல் ௬ பூட்டியிருக்கிறது.
அடுத்ததில் ௬-க்கு ௫.
ஒன்று ரு போல, மற்றது சு போல.
அந்தியாக இருந்திருக்கும்.
மழை இருட்டியிருக்கும்.
துரை கீழே நின்று கத்தியிருக்கலாம்;
அல்லது ஒன்றுமே இல்லை,
வீட்டை நினைத்திருப்பான்.
ஒரு விரற்கடை இடைவெளி.
தக்கை அடித்து மறைத்து, இறங்கிப் போயிருக்கிறான்.
பளிங்கில் இல்லாத ஒருவன்
நூற்றைம்பது வருடமாக
அந்த விரற்கடையால் சொட்டிக்கொண்டிருக்கிறான்.

படிவத்தில், குறைபாடுகள் என்ற பத்தியில்
'கூரை ஒழுக்கு, ஓரிடம்' என்று எழுதினேன்.
காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.
௫, ௬ என்று போட்டேன்.
யாரும் கேட்டால் பேனை எழுதுதா என்று பார்த்தேன் எனலாம்.

துவான் ஜல்தீன் நேற்றைய மழையைத் தூக்கிப் போய்
வடக்குக் கதவில் ஊற்றினார்.
ஓடியது போக,
அந்தக் குழியில் கொஞ்சம் நின்றது.