வாளிக்குள் கை

எட்மன்டனில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, பனிக்கட்டி மிதக்கும் வாளியில்
கையை விடுவதற்கு
ஆளுக்கு நாற்பது டாலர் கொடுக்கிறோம்.
சிரிக்காதீர்கள். ஆராய்ச்சி.

பதினேழாம் எண் பனி வாரும் லாரி ஓட்டுகிறவர்.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது;
சட்டைப்பையில் தைத்திருந்தது, டெல்மர்.
மூன்று நிமிடம் எல்லை.
மணி அடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.
இதற்கா காசு என்பதுபோல் பார்த்தார்.

மற்றக் கையில் ஊசி ஏற்றினேன்.
ஊதா மூடிக் குழாய், ஐஸ் பெட்டி,
சுழற்றியில் கால் மணி நேரம்.
மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரில்
அவருடைய சொந்த அபின்.
எந்த வயலிலும் பூக்காதது.

"எங்கேருந்து வருது?"
கண்களுக்குப் பின்னால், மூளையின் அடியில்
ஒரு பட்டாணி தொங்குகிறது என்றேன்.
அது முதலில் நீளமாய் ஒரு நூல் நூற்கும்.
பிறகு கத்தரிக்கும்.
ஒரு துண்டு சிறுநீரகத்தின் தலைமேல் போய்
ஆபத்து ஆபத்து என்று கதவைத் தட்டும்.
இன்னொரு துண்டுக்குத் தோலைக் கறுப்பாக்கத் தெரியும்.
கடைசித் துண்டுதான்,
போகட்டும், பொறு, என்கிறது.

அவர் என் கையைப் பார்த்தார்,
பிறகு வாளியில் வெந்ததுபோல் சிவந்த தன் கையை.

"ஆறு வருஷம் வெளியே வாங்கினேன்.
உள்ளே கடையை மூடிட்டுப் போயிருப்பாங்கன்னு நினைச்சேன்.
எனக்கு எவ்வளவு இருக்கு, சொல்லு."

இங்கே எனக்கு வாய் அடைத்தது.
இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு சுவர்.
தனக்கு வேண்டியதை மூளை
உள்ளேயே காய்ச்சிக்கொள்கிறது.
நான் குழாயில் பிடித்தது இந்தப் பக்கத்துச் சரக்கு.
பக்கத்து ஃபிளாட்டில் தாளித்தால் வாசமாவது வரும்,
இங்கே அதுவும் வராது.

"தலைக்குள் இருப்பது இதில் தெரியாது" என்றேன்.
கையைக் கால்சட்டையில் துடைத்தார்.
"மூணு நிமிஷம் தாண்டினேன்ல," என்றார்,
என்னைத் தேற்றுவதுபோல்.
"கடை திறந்துதான் இருக்கு."

குழாயில் பதினேழு என்று ஒட்டி
மைனஸ் எண்பதில் வைத்துப் பூட்டினேன்.

வெளியே வந்தால்
என் காருக்கு முன்னால் இடுப்பளவு பனியை
ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறது
யாருடைய லாரியோ.
கையுறை மேலே, நான்காம் மாடியில்.
வெறுங்கையால் வாரத் தொடங்கினேன்.
எத்தனை நிமிடம் என்று
யாரும் எண்ணவில்லை.