இருபத்தேழாம் வீடு

வுப்பர்டாலில் மழை பெய்யாத நாள்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
ஓபர்பார்மனில், தொங்கு ரயில்
ஆற்றின் மேலேயே வளைந்து திரும்பும் இடத்தில்
ஐந்து மாடி, நாற்பத்திரண்டு வீடுகள்.
போன கோடையில்தான் சுவருக்குப் பஞ்சுப் போர்வை சுற்றி
மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள்.
வெப்பம் வெளியே போகாது.
வேறெதுவும் போகாது.

பல்கலைக்கழகம் என்னிடம் கொடுத்தது
சோப்புப் பெட்டி அளவில் எண்பத்து நான்கு கருவிகள்,
படுக்கையறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
கரியமில வாயு, ஈரம், வெப்பம்.
கூடவே நான்கு பக்க ஒப்புதல் படிவம்.
அதன் சாரம் இவ்வளவுதான்:
எது யார் வீடென்று வெளியே மூச்சு விடக் கூடாது.

நான் பார்ப்பதே மூச்சைத்தான்.

வெளிக்காற்றில் நானூற்றிருபது.
கதவடைத்துத் தூங்கும் இருவர்
விடிவதற்குள் அதை இரண்டாயிரம் தாண்டி ஏற்றிவிடுவார்கள்.
கோடு ஏறுகிற வேகத்தில் ஆளை எண்ணலாம்.
பதினொன்றில் புதன்கிழமைகளில் ஒருவர் கூடுதல்.
முப்பதில் யாரோ இரவு மூன்று மணிக்கு
ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் நிற்கிறார்.
என் கோப்பில் அது 'காற்றோட்ட நிகழ்வு'.
பத்தொன்பதில் கருவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்;
இரண்டு வாரம் அங்கே
நான்கு டிகிரியில் ஒரு குடும்பம் வாழ்ந்தது.

இருபத்தேழில்
நவம்பர் ஒன்பதுவரை இரண்டாயிரத்து நூறு.
பிறகு மூன்று இரவுகள் அந்த அறை
காற்று வாங்கிக் கிடந்தது: நானூற்றிருபது, நானூற்றிருபது.
பதின்மூன்றிலிருந்து
ஆயிரத்து இருநூற்றைம்பது.

விப்கே பேனாவால் மேசையைத் தட்டினாள்.
"பார், நம் கையேடு வேலை செய்கிறது!"
(தினம் மூன்று வேளை, ஜன்னலை முழுக்கத் திறந்து,
ஐந்து நிமிடம். படங்களோடு அச்சடித்திருந்தோம்.)

பேட்டரி மாற்றப் போனேன்.
திருமதி லோகாம்ப்பின் கட்டிலில் ஒரு பாதி முழுக்க
இஸ்திரி போட்ட துணி, பிரிக்காத உறைகள்,
சுருட்டி வைத்த மின்சார ஒத்தடப் பட்டை.
"காற்று எப்படி இருக்கிறது?"
பரீட்சை முடிவு கேட்கிறவர் போலக் கேட்டார்.
அளவுக்குள் வந்துவிட்டது என்றேன்.
"ஆமாம்" என்றார்.
"அவர் போனதிலிருந்து கண்ணாடியில் தண்ணீர் கோப்பதில்லை.
காலையில் துடைக்க ஒன்றுமில்லை."

அன்றிரவு சமையலறைப் பதிவைத் திறந்தேன்.
மாலை ஆறு மணிக்கு ஈரம் எழும்பும் முகடு,
உருளைக்கிழங்கு வேகும் முகடு,
நவம்பருக்கு முன்பு எழுபத்தெட்டு.
பின்பும் எழுபத்தெட்டு.
படுக்கையறையில் குறைந்தது
அடுப்படியில் குறையவில்லை.
அதே பானை, அதே அளவு தண்ணீர்.
எங்கள் அட்டவணையில் இதற்கொரு பத்தி கிடையாது.

இருபத்தேழைச் சேர்த்தால் கையேட்டுக்கு வெற்றி.
விட்டால் நாற்பத்தொரு வீடு,
மயிரிழையில் எதுவும் நிரூபணமாகாது.
விட்டேன்.
விப்கே வெள்ளிக்கிழமைவரை என்னோடு பேசவில்லை.

நீக்கியதற்குக் காரணம் எழுத
திரையில் ஒரு கட்டம், நூறு எழுத்துக்குள்.
'வசிப்போர் எண்ணிக்கையில் மாற்றம்' என்று அடித்தேன்.
இன்னும் இடம் மிச்சமிருந்தது.